ஒரு சென்ட் புத்தகம்

என் அண்ணி ஒருமுறை இட்லி மாவை ஏலம் விட்டார்.

பதறாதீர்கள். மாவை இல்லை, மாவு புளிக்கிற ரகசியத்தை. நியூ ஜெர்சியில் ஜனவரி மாதக் குளிரில், அரைத்து வைத்த மாவு இரண்டு நாளானாலும் பொங்காமல் களிமண் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்கான வைத்தியம். மொத்தம் 22 பக்கம். அச்சடித்த புத்தகம்கூட இல்லை, வெறும் பி.டி.எஃப். பணம் வந்ததும் இமெயிலில் போய்விடும். ஈபே ஏலத்தில் ஆரம்ப விலை 99 சென்ட்.

இதை யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். ஈபேயின் சரித்திரமே அப்படிப்பட்டது. 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்கிற இளைஞர் அதை ஆரம்பித்தபோது, அங்கே முதலில் விலை போன பொருள் என்று சொல்லப்படுவது ஓர் உடைந்த லேசர் பாயிண்ட்டர். விலை 14 டாலர் 83 சென்ட். 'சார், இது உடைஞ்சது, தெரியும்ல?' என்று ஒமிட்யார் வாங்கியவருக்கு எழுதிக் கேட்டாராம். 'தெரியும், நான் உடைந்த லேசர் பாயிண்ட்டர்கள் சேகரிக்கிறவன்' என்று பதில் வந்ததாம். உலகத்தில் எல்லாச் சரக்குக்கும் எங்கேயோ ஓர் ஆள் இருக்கிறான். அவனைக் கண்டுபிடிப்பதுதான் வியாபாரம்.

அண்ணி கதைக்கு முன்னால் அண்ணன் கதை.

அண்ணன் என் பெரியம்மா பையன். கம்ப்யூட்டர்காரர். 2001-ல் டாட் காம் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தபோது அவருடைய வேலையும் கவிழ்ந்தது. அப்புறம் கிடைத்த கான்ட்ராக்ட் வேலையும் 2004 கடைசியில் முடிந்துபோனது. எடிசனில் கடனுக்கு வாங்கிய வீடு. மாதம் பிறந்தால் தவணை மட்டும் டாணென்று வந்து நிற்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு 'தகவல் வியாபாரம்' என்று ஒன்று இருப்பது தெரிந்தது. யாரோ எழுதிய இ-புத்தகங்கள், ஐந்நூறோ அறுநூறோ, ஒரே சி.டி.யில் அடைத்து விற்பார்கள். கூடவே 'மறுவிற்பனை உரிமை'யும் உண்டு. நீங்கள் எத்தனை பிரதி வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம், எழுதினவருக்கு ராயல்டி தர வேண்டாம். அச்சுக் கூலி இல்லை, கொரியர் இல்லை, கோடவுன் இல்லை. நூறு விற்றாலும் சரக்கு குறையாது. அட்சய பாத்திரம்தான்.

என்ன, அந்தப் புத்தகங்களில் பாதி, ஈபேயில் இ-புத்தகம் விற்றுச் சம்பாதிப்பது எப்படி என்பதைப் பற்றியவை. அதைத்தான் ஈபேயில் விற்க வேண்டும். சலூனில் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி மாட்டியிருப்பார்களே, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்குமே, அந்தக் கதை.

அண்ணன் நிர்ணயித்த விலை என்ன தெரியுமா? ஒரு சென்ட். சென்ட் என்றதும் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை என்று நினைத்துவிடாதீர்கள். டாலரில் நூறில் ஒரு பங்கு. அன்றைய கணக்குக்கு நம் ஊர்க் காசில் ஐம்பது பைசாகூட வராது.

நான் பி.காம். படித்தவன். எனக்குக் கை சும்மா இருக்குமா? காலிங் கார்டில் பேசிக்கொண்டே கணக்குப் போட்டேன். ஓர் ஏலத்தைப் பட்டியலில் போடவே ஈபேக்கு அந்த வருடங்களில் சுமார் 30 சென்ட் கட்ட வேண்டும். ஒரு சென்ட் சரக்குக்கு முப்பது சென்ட் கட்டணம். எங்கள் காலேஜில் இதற்கு வேறு பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். திவால்.

சரி, 99 சென்ட்டுக்கே விற்றாலும்? பட்டியல் கட்டணம் 30. விற்றதில் ஈபேயின் பங்கு 5 சென்ட் சொச்சம். பணம் பேபால் வழியாக வரும். அவர்கள் 30 சென்ட்டும், அதற்கு மேல் 2.9 சதவிகிதமும் எடுத்துக்கொள்வார்கள். போக மிச்சம் சுமார் 31 சென்ட். ஒரு டீ குடிக்க முடியாது.

"அண்ணா, இதுல எங்க லாபம் இருக்கு?" என்றேன்.

"லாபம் புஸ்தகத்துல இல்லடா. அட்ரஸ்ல இருக்கு" என்றார்.

அதுதான் சூட்சுமம். வாங்குகிறவரின் இமெயில் முகவரி பணத்தோடு கூடவே வந்துவிடுகிறது. அவர் யார்? இணையத்தில் பணம் கொடுத்துத் தகவல் வாங்கத் தயாராக இருக்கிறவர். இப்படி ஆயிரம் பேரைச் சேர்த்துவிட்டால், அவர்களுக்கு 27 டாலர் சரக்கு, 97 டாலர் சரக்கு என்று வரிசையாகக் கடை விரிக்கலாம். கடிதங்களைத் தானாகவே நாள் கணக்கில் அனுப்ப மென்பொருள் உண்டு. ஒரு சென்ட் புத்தகம் என்பது தூண்டிலில் குத்திய மண்புழு. சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதன் அமெரிக்கப் பதிப்பு.

நமக்கு இது புதுசா என்ன? பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்கள். டெல்லி அப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதன் மேல் ஒரு கட்டு கூப்பன். பெயர், போன் நம்பர் எழுதிப் போட்டால் குலுக்கலில் கார் பரிசு. கார் யாருக்கு விழுந்தது என்று நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் பதினைந்தாம் நாள் போன் வரும். "சார், உங்களுக்கு கிஃப்ட் விழுந்திருக்கு. குடும்பத்தோட வந்து வாங்கிக்கங்க." போனால் கிடைப்பது ஒரு டிபன் பாக்ஸும் இரண்டு மணி நேர மனை விற்பனைப் பிரசங்கமும்.

அண்ணன் நான்கு மாதத்தில் 1,100 முகவரிகள் சேர்த்தார். ஒருநாள் எல்லோருக்கும் 27 டாலர் சரக்கைப் பற்றிக் கடிதம் போட்டார். மூன்று பேர் வாங்கினார்கள். அதில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வசவுக் கடிதங்கள் மட்டும் ஐம்பதுக்கு மேல்.

ஏன் இப்படி? காரணம் ஈபேயின் நட்சத்திரத்தில் இருக்கிறது.

ஈபேயில் முகம் தெரியாதவர்கள் முகம் தெரியாதவர்களிடம் வாங்குகிறார்கள். நம்பிக்கைக்கு என்ன வழி? ஒவ்வொரு வியாபாரம் முடிந்ததும் இரண்டு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதலாம். நல்ல கருத்துக்கு ஒரு புள்ளி. பத்துப் புள்ளி சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். புள்ளி ஏற ஏற நட்சத்திரத்தின் நிறம் மாறும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் நம்பிப் பணம் அனுப்புவார்.

இப்போது யோசியுங்கள். ஒரு சென்ட் புத்தகம் பத்து வாங்கினால் செலவு பத்து சென்ட். நல்லபடியாக நடந்துகொண்டால் கிடைப்பது பத்துப் புள்ளி, மஞ்சள் நட்சத்திரம். பத்து சென்ட்டுக்கு ஒரு நாணயஸ்தர் சர்டிஃபிகேட்! அண்ணனிடம் வாங்கியவர்களில் ஏகப்பட்ட பேர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் அவர்களுடைய முகவரியை வாங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் அவரிடம் நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புத்தகம் அநாதையாக நின்றது.

இதையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"ஏங்க, ஒரு சென்ட்டுன்னா நான்கூட ரெண்டு வாங்குவேன். வாங்கி, படிக்கவா போறேன்?"

அண்ணிக்கு மார்க்கெட்டிங் தெரியாது. ஆனால் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போனால், பிரசாத வரிசையில் நிற்கிற பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டு கேட்கிற கேள்வி தெரியும். "உங்க வீட்டுல மட்டும் எப்படி மாவு பொங்குது?" அந்தக் கேள்விக்குத்தான் அவர் 22 பக்கம் பதில் எழுதினார்.

விஷயம் எளிமையானது. மாவைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே இருக்கின்றன. அவற்றுக்குச் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் சௌகரியம். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ளேயே 20 டிகிரிதான். பாவம், அவை போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகின்றன. அண்ணியின் வழி: மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வையுங்கள். ஓவனை ஆன் செய்யாதீர்கள், உள்ளே இருக்கிற சின்ன விளக்கை மட்டும் போட்டுக் கதவை மூடுங்கள். அந்தப் பல்பின் சூடு போதும். இதைத் தவிர எந்தக் கடை உளுந்து, எவ்வளவு நேரம் ஊறல், முந்தின ஈடு மாவில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துப் புது மாவில் கலப்பது என்று சகலமும் உண்டு.

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு. அதன் சாரம் இதுதான். 'மாதம் ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். வேண்டுமென்றால் எனக்கு ஒரு வரி போடுங்கள். வேண்டாமா, பரவாயில்லை. உங்கள் மாவு பொங்கினால் சந்தோஷம்.'

கவனியுங்கள். முகவரி அவரிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார். வாங்கியவரை அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்பது ஈபேயின் விதியும்கூட. 2004 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விளம்பர மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. 'போதும், நிறுத்து' என்று சொல்ல ஒரு வழி ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும் என்றது அது. அண்ணி சட்டம் படித்துக் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போனால் காலிங் பெல் அடிப்பது மாதிரி, அது அவருக்கு இயல்பு.

மூன்று மாதத்தில் 140 பிரதி போனது. கடிதம் வேண்டும் என்று எழுதியவர்கள் 61 பேர்.

"நான் ஆயிரத்து நூறு வெச்சிருக்கேன். உன்கிட்ட அறுபத்தொண்ணு" என்று அண்ணன் கிண்டல் செய்தார்.

ஆனால் அந்த 61 பேரும் கடிதத்தைப் படித்தார்கள். பதில் போட்டார்கள். டோக்ளா மாவுக்கும் இதே வைத்தியம் நடக்குமா என்று ஒரு குஜராத்திப் பெண்மணி கேட்டார். மினசோட்டாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர், தன் கன்னட மனைவிக்குப் பிறந்தநாள் ஆச்சரியமாக இட்லி செய்து கொடுத்து, அவள் அழுதுவிட்டாள் என்று எழுதினார். அண்ணி எல்லோருக்கும் பதில் எழுதினார். 2006-ல் பட்டியல் 800 பேரைத் தொட்டது. மின்சார அடுப்பில் தோசை வார்ப்பதைப் பற்றி இன்னொரு புத்தகம் எழுதி, 5 டாலர் 99 சென்ட்டுக்குப் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும் சொன்னார். சுமார் 200 பேர் வாங்கினார்கள். வீட்டுத் தவணைக்கு அது காணாது. மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆயிற்று.

அந்த வருடம்தான் சோதனை வந்தது.

சமையலறைச் சாமான்கள் விற்கிற ஒருவர் அண்ணிக்கு எழுதினார். 'உங்கள் 800 முகவரிகளையும் எனக்குக் கொடுங்கள். 2,000 டாலர் தருகிறேன்.' கிட்டத்தட்ட ஒரு மாதத் தவணை. அண்ணனுக்கு அப்போதும் நிரந்தர வேலை இல்லை. முந்தின மாதத் தவணையே பாக்கி. வீட்டில் இரண்டு நாள் சரியான பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் எனக்குப் போன்.

"நீதான் காமர்ஸ் படிச்சவன். உங்க அண்ணிக்குச் சொல்லு. சும்மா கிடக்கிற லிஸ்ட்டு. குடுத்தா நமக்கு என்ன குறைஞ்சு போகுது? நம்மகிட்டயும் ஒரு காப்பி இருக்கத்தானே போகுது?"

வாதம் பலமானதுதான். தகவல் வியாபாரத்தின் லட்சணமே அது, விற்றாலும் குறையாது. ஆனால் பி.காம். இரண்டாம் வருடத்தில் மனப்பாடம் செய்த ஒரு விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. கணக்கியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் ஐந்தொகையில் எழுதலாம். அதற்கு 1810-ல் இங்கிலாந்தில் எல்டன் பிரபு என்கிற நீதிபதி ஒரு விளக்கம் சொன்னார். பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே திரும்பி வருவதற்கான வாய்ப்பு, அவ்வளவுதான் நற்பெயர் என்றார். கடையை விற்றால் அதோடு நற்பெயரையும் விற்கலாம். கடையை நாம் வைத்துக்கொண்டு நற்பெயரை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது. பட்டியலைக் கொடுத்த மறுநாள், அந்த 800 பேருக்கும் மிக்ஸி விளம்பரம் போகும். 'யார் கொடுத்திருப்பார்கள்?' என்று யோசிப்பார்கள். நம்மிடம் மிஞ்சுகிற காப்பியில் பெயர்கள் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி போனை வாங்கிவிட்டார்.

"அந்த எண்ணூறு பேரும் என்னை நம்பி அட்ரஸ் குடுத்தாங்க தம்பி. அதை எடுத்து இன்னொருத்தர்கிட்ட குடுக்க எனக்கு ஏது உரிமை?"

எல்டன் பிரபுவை நான் அப்படியே விழுங்கிவிட்டேன்.

பட்டியல் விற்கப்படவில்லை. அந்த மாதத் தவணைக்கு அண்ணியின் இரண்டு வளையல்கள் ஓக் ட்ரீ ரோடு நகைக்கடைக்குப் போயின. நான் இதைத் தியாகக் கதையாகச் சொல்லவில்லை. அண்ணனுக்கு அடுத்த வருடம் நல்ல வேலை கிடைத்தது. வளையலும் பிற்பாடு புதிதாக வந்தது. ஆனால் அன்றைக்கு, அடுத்த வருடம் வேலை கிடைக்கும் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

2008-ல் கதை மாறியது. ஒரு சென்ட் புத்தகத்தை வைத்து நட்சத்திரம் விளைவிக்கிற விவசாயம் கட்டுக்கடங்காமல் போகவே, ஈபே ஒரு முடிவெடுத்தது. இமெயிலிலோ டவுன்லோடாகவோ போகிற சரக்குகளை, அந்த வருடம் மார்ச் 31 முதல், ஏலத்தில் விடக் கூடாது. வரி விளம்பரம் மாதிரி ஒரு பகுதியில் அறிவிப்பு மட்டும் கொடுத்துக்கொள்ளலாம். அங்கே வியாபாரம் செய்தாலும் நட்சத்திரம் கிடையாது.

ஒரே நாளில் தகவல் வியாபாரிகளின் சந்தை கலைந்தது. சிலர் அதையே சி.டி.யில் போட்டுத் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். நிறையப் பேர் மூட்டை கட்டினார்கள். அண்ணனின் பழைய 1,100 முகவரிகளில் எத்தனை உயிரோடு இருந்தன என்று அவரே எண்ணிப் பார்க்கவில்லை. அண்ணி அந்த மாதக் கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தார். 'இனி என் புத்தகம் ஏலத்தில் கிடைக்காது. வேண்டுகிறவர்கள் நேரே எனக்கு எழுதுங்கள்.' எழுதினார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 2000-ல் ஆரம்பித்த 'பாஸி டாட் காம்' ஏலத் தளத்தை 2004-ல் ஈபே வாங்கி, ஈபே இந்தியா ஆக்கியது. 2017-ல் அது ஃப்ளிப்கார்ட்டின் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14-ல் கடையை மூடிவிட்டார்கள். அங்கே வருடக்கணக்காக நட்சத்திரம் சேர்த்த வியாபாரிகள் இருந்தார்கள். கடை மூடிய மறுநாள் அந்த நட்சத்திரத்தை எந்த வானத்தில் மாட்டுவது? வாடகை இடத்தில் நட்ட மரம் வீட்டுக்காரருக்குத்தான் சொந்தம். தங்கள் வாடிக்கையாளரை நேரடியாகத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு மட்டும், போகும்போது எடுத்துக்கொண்டு போக ஏதோ ஒன்று இருந்தது.

ஏலம் போய்விட்டது, தூண்டில் போகவில்லை. போனைத் திறந்தால் ஒருத்தர் கோட் போட்டுக்கொண்டு வருகிறார். 'பங்குச் சந்தை ரகசியம், மூன்று மணி நேர வகுப்பு, 4,999 ரூபாய், இன்று மட்டும் 99 ரூபாய்.' 99 ரூபாயில் அவருக்கு விளம்பரச் செலவே தேறுமா என்பது சந்தேகம். அவர் வாங்குவது உங்கள் வாட்ஸப் நம்பரை. வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தில் 27 டாலர் சரக்கு வரும், இப்போது அதன் விலை 25,000 ரூபாய்.

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. மலிவாக ஒன்றைக் கொடுத்து ஆளைத் தெரிந்துகொள்வது நியாயமான வியாபாரம்தான். கொத்தமல்லி கொசுறு கொடுக்கிற காய்கறிக்கார அம்மாவும் நாளைக்கு நாம் வரவேண்டும் என்றுதான் கொடுக்கிறார். எது நியாயம், எது தூண்டில் என்று பிரித்துப் பார்க்க எனக்கு மூன்று கேள்விகள் போதுமாக இருக்கின்றன.

ஒன்று, மலிவாகக் கொடுத்த அந்தப் பொருள் தன்னளவில் முழுசாக இருக்கிறதா? அண்ணியின் 22 பக்கத்தைப் படித்தால் மாவு பொங்கும், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. பாதியில் நிறுத்தி 'மீதி அடுத்த வகுப்பில்' என்றால் அது மண்புழு.

இரண்டு, என் முகவரியை எதற்கு என்று சொல்லிக் கேட்டார்களா, இல்லை பணத்தோடு சேர்த்து உருவிக்கொண்டார்களா?

மூன்று, வெளியே போக வாசல் இருக்கிறதா? 'போதும்' என்று சொன்னால் நிறுத்துவார்களா?

2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுற்றி வளைத்து இதைத்தான் சொல்கிறது. எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்கு, சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வை. சட்டம் அதன் வேகத்தில் வரட்டும். நம் பங்குக்கு ஒரு சின்ன காரியம் செய்யலாம்.

அடுத்த முறை ஜவுளிக்கடை கவுண்ட்டரில், பில் போடுகிற பெண் தலைநிமிராமல் "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்டால், "எதுக்கும்மா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கோபமாக வேண்டாம், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

பதில் சொல்லத் தெரிந்த கடைக்கு, தாராளமாக நம்பரைக் கொடுங்கள்.